ஐந்து மில்லி தண்ணீர்

உப்புத்தண்ணீர் மீன்தொட்டி வைப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. தண்ணீரைக் கவனித்தால் போதும், மீன் தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும் என்பார் என் கணவர். சுகுமாரன் சார் என்றால் மலேசியாவில், எங்கள் ஈப்போவில் இன்னும் சிலருக்குத் தெரியும். இடைநிலைப்பள்ளியில் முப்பது வருடம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர்.

ஓய்வு பெற்றதும் வரவேற்பறையில் நான்கடித் தொட்டி வைத்தார். கட்டைவிரல் அளவில் வாங்கிய உயிர்ப் பவளங்கள் எட்டு வருடத்தில் என் உள்ளங்கையைவிடப் பெரிதாகிவிட்டன. ஞாயிறுதோறும் கண்ணாடிக் குப்பியில் ஐந்து மில்லி தண்ணீர் எடுத்து, மருந்துத் துளிகளை விட்டுக் குலுக்கி, நிறத்தை அட்டையோடு ஒப்பிடுவார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். பாஸ்பேட் ஏறினால் தண்ணீர் நீலமாகும், நைட்ரேட் ஏறினால் சிவக்கும். இரண்டும் தீனியிலிருந்தும் மீனின் கழிவிலிருந்தும் வருபவை. கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும். மிஞ்சினால் பாசி பிடித்துப் பவளத்தை மூடிவிடும். மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திய எனக்கே விளங்கும்படி சொல்லித் தந்தார். நல்ல ஆசிரியர்.

போன வருடம் தைப்பூசம் முடிந்த மறுவாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போனது, எழுதவும் வரவில்லை. எல்லாம் அவருக்குப் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வராது என்று டாக்டர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். நான் அதை மறக்கவில்லை.

எங்கள் ஒரே மகள் துளசி தஞ்சோங் மாலிமில் விரிவுரையாளர். "ரெண்டு பேரும் இங்கயே வந்துருங்கம்மா. வாரா வாரம் நான் எப்படி வாரது? தொட்டிய மட்டும் கொண்டு வராதீங்க, என் கொண்டோ வீட்டுல எடமில்ல லா" என்றாள். அவரிடம் கேட்டேன். தொட்டியைப் பார்த்தபடி தலையை இல்லை என்று அசைத்தார். மறுநாள் கேட்டபோதும் அப்படித்தான்.

யாரையும் வற்புறுத்துவது எனக்குப் பிடிக்காது. அவராகவே மனம் ஒப்பி வர வேண்டும் என்று நினைத்தேன்.

அவர் மதியம் தூங்கும்போது தீனியைக் கூட்டிப் போட ஆரம்பித்தேன். ஒரு கட்டி உறைந்த இறாலுக்குப் பதில் மூன்று. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் இருந்தது, அதை அணைத்துவைத்தேன். தண்ணீர் மாற்றும் நாளில் அவர் கண்முன்னே இரண்டு வாளி எடுத்து, கொல்லைப்பக்கம் கொண்டுபோய், அதையே திரும்பக் கொண்டுவந்து ஊற்றினேன்.

என் அம்மா விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. துளசி ஒருவேளை அப்படி நினைக்கலாம், அதனால் சொல்கிறேன். என் அம்மா இருளாயி எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவியவள். ஆறு வருடத்துக்கு முன் பத்து காஜா ஊர் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உடனே வரச் சொல்லி ஆள் கூப்பிட்ட காலையில் இவருக்குப் புதுப் பவளம் வந்திறங்கியது. "உப்புத்தண்ணி கலந்து குடுத்துட்டு நீ பஸ்ல போய்க்க, கார் எனக்கு வேணும்" என்றார். கலந்து கொடுத்துவிட்டுப் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவின் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அன்றே அதை மன்னித்துவிட்டேன்.

மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்புப் பாசி ஏறியது. பவளங்கள் சுருங்கின. அவர் இடது கையால் நாற்காலியைத் தட்டி, சோதனைப் பெட்டியைக் காட்டினார். குப்பியைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போனேன். அங்கே புதிதாகக் கலந்துவைத்திருந்த உப்புநீரில் ஐந்து மில்லி எடுத்துவந்து, அவர் எதிரே உட்கார்ந்து துளிகளை விட்டேன். நிறம் மாறவே இல்லை.

"பாருங்க, சுத்தமா இருக்கு. ஒங்க கண்ணுக்குத்தான் என்னமோ ஆயிருச்சு" என்றேன்.

குப்பியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். மறுபடி குப்பியைப் பார்த்தார். கண்ணில் தெரிவதை நம்பாதே, சோதனையை நம்பு என்று பிள்ளைகளுக்குச் சொன்னவர் அவர். கண்ணீர் இறங்கியது, துடைத்துவிட்டேன்.

அப்படி ஏழு ஞாயிறு. ஏழாவது ஞாயிறு அவர் குப்பியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

பிறகு பவளங்கள் எலும்பு மாதிரி வெளுத்தன. கடைசிக் கோமாளி மீனை வலையில் அள்ளி எடுத்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

பேச்சுப் பயிற்சி தர வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஷாமினி ஒரு காலை என்னைக் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அங்கிள் பேசுறாரு, வாங்க." போனேன். என்னை நோக்கி விரலை நீட்டினார். உதடு கோணியது. ஒரே ஒரு சொல் வந்தது. மறுபடி அதையே சொன்னார்.

"என்ன சொல்றாரு ஆன்ட்டி? எனக்கு வெளங்கல."

"போய்ங்கிறாரு. மக வீட்டுக்குப் போயிரலாம்ங்கிறாரு."

ஷாமினி கைதட்டினாள். தன் தாளில் அப்படியே எழுதிக்கொண்டாள். போனில் துளசி அழுதுவிட்டாள். "அப்பாவே கேட்டுட்டாரா? நான் இந்த வாரமே வாரேம்மா." அவர் நாற்காலியை அடித்து அடித்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவசரப்படுகிறார் என்றேன்.

இப்போது தஞ்சோங் மாலிமில் இருக்கிறோம். வேறு சொல் எதுவும் வரவில்லை. அது போய் இல்லை, பொய். குறில்தான். முதல் தடவையே எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவர் பெற்ற ஒரே சொல்லை நான்தான் மாற்றிச் சொன்னேன், இன்றும் மாற்றித்தான் சொல்கிறேன்.

தினமும் காலையில் ஜன்னலோரம் உட்காரவைத்துத் தலை வாரிவிடும்போது விரலை நீட்டி அதைச் சொல்கிறார். "அதான் வந்துட்டோம்ல, இனி எங்க போகணும்?" என்று கேட்பேன். கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். முப்பத்தைந்து வருட வாழ்க்கையில் அவர் என்னை இவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை.