வீடு பார்க்க வரும் சனிக்கிழமை

பழைய வீட்டை விற்பதென்றால் முதலில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருப்பதை எல்லாம் எடுத்துவிட வேண்டும். பேரன் கிறுக்கிய படம், மருந்துக்கடைச் சீட்டு, எதுவும் இருக்கக் கூடாது. வாங்க வருகிறவர்கள் அந்த வீட்டில் தங்களைத்தான் பார்க்க வேண்டுமாம், நம்மை அல்ல. எனக்கு இதைச் சொன்னது வீட்டுத் தரகர் கிரிலி. நல்ல பெண். அவளை இதில் இழுக்காதீர்கள்.

ராக்ஹாம்ப்டனில், மரக்கால்கள் மேல் நிற்கும் அந்த வீட்டில்தான் என் கணவர் மெர்வின் பிறந்தார். பக்கவாதத்தில் அவர் கால்கள் ஓய்ந்தபின் நானும் கூடவே உள்ளே கிடந்தேன். துணி காயப்போடப் படியிறங்கினாலே "லோர்னா, எங்க போற?" என்பார். எனக்கு மூச்சு முட்டியது. யெப்பூனில் கடலோரம், என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில், ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. இதை விற்றால்தான் அதை வாங்க முடியும். "இந்த ஓட்டை வீட்ட எவன் வாங்குவான்?" என்று சிரித்துக்கொண்டேதான் மெர்வின் கையெழுத்துப் போட்டார்.

நான் சுவருக்கு வெள்ளையடித்தேன், தரையை மெருகேற்றினேன், அவருடைய நாற்காலி வாசனை போக ஜன்னலெல்லாம் திறந்து வைத்தேன். முதல் சனிக்கிழமை ஒரு இளம் ஜோடி வந்தது. மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வரவேற்றார்.

"பாத்து கால வை தம்பி. கீழ கரையான் விருந்து நடக்குது. நானே மருந்தடிச்சேன். அதத் தின்னுதான் நல்லா கொழுத்துப்போச்சு."

அவர்கள் சமையலறையைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார்கள். கிரிலி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"போட்டோவே இருக்கக் கூடாதுன்னு சொல்றோம், லோர்னா. இவரு என்னடான்னா உக்காந்து கதை பேசறாரு. அடுத்த வாரம் வீட்டுல யாரும் வேணாம்."

அது இங்கே வழக்கம்தானே. வீடு பார்க்க ஆட்கள் வரும் நேரத்தில் வீட்டுக்காரர்கள் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போய்விடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆற்றங்கரையில் ஐஸ்க்ரீம் சாப்பிடலாம் என்று சொல்லி மெர்வினைப் பின்சீட்டில் உட்காரவைத்தேன். பின்கதவு உள்ளிருந்து திறக்காது, பேரனுக்காக அப்படிப் போட்டு வைத்திருந்தோம். தெருமுனை திரும்பியதும் நிறுத்தினேன். வந்தவர்களை என் கண்ணால் பார்க்க ஆசை.

"இது நம்ம தெருமுனைதானே? ஏமாத்துக்காரி. கதவத் திற லோர்னா. அவங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்."

அவர் குரல் கணீரென்று இருக்கும். அதனால்தான் கண்ணாடிகளை ஏற்றினேன். சாவியில்லாமல் அவை இறங்காது. சாவி என் கைப்பையில் இருந்தது.

நான் நடந்தே திரும்பி வந்ததும் எங்கள் எதிர்வீட்டு மாவிஸ் மின்விசிறியைப் போட்டு, குளிர்ந்த எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். மெர்வின் எங்கே என்று கேட்டாள். தூங்குகிறார் என்றேன். ஜன்னல் வழியே பார்த்தேன், ஒரு குடும்பம் என் வராந்தாவில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது. கிரிலி போன் செய்தாள்.

"அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு! தெரு எவ்வளவு அமைதியா இருக்குன்னு அந்த அம்மா சொல்லிக்கிட்டே இருக்காங்க. இன்னொரு தடவை சுத்திப் பாக்கணுமாம். நேரமாகும், பரவாயில்லையா?"

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்றேன். இன்னொரு கோப்பை சாறு வாங்கிக் குடித்தேன். எத்தனையோ வருஷத்தில் அன்றுதான் நான் எங்கே போனேன் என்று யாரும் கேட்கவில்லை.

நேற்று வந்த உங்கள் போலீஸ் அதிகாரி தன்மையானவர். "மறந்துட்டீங்க இல்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஆமாம் என்று சொன்னால் எல்லோருக்கும் சுலபம். ஆனால் நான் மறக்கவில்லை. அங்கே உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எங்கள் நாய்க்குட்டி பிப்பும் அன்று காரில் இருந்தது. அதை நான் கையோடு தூக்கிக்கொண்டுதான் கதவைப் பூட்டினேன். இந்த ஊர் வெயிலில், மூடிய காருக்குள் ஒரு வாயில்லா ஜீவனை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.