நான் கழுவிய சுவர்

ஓடுகிறேன். வாழைக்குள் ஓடுகிறேன். காலில் செருப்பு இல்லை. முந்தின நாள்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ந்திருக்கிறது. கணுக்கால் வரை சேறு. பின்னால் விசில். ஒன்று. இரண்டு. மூன்றாவது விசில் முதுகுக்குப் பக்கத்தில் கேட்கிறது.

"ஏட்டி, குனிஞ்சு ஓடுங்கட்டி! சேலை தெரியுது!"

கத்தியவள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள். என்னைக் குனியச் சொன்னவள் தான் குனியவில்லை. தடி விழுந்தது. பச்சை வாழைமட்டையில் அரிவாள் விழுந்தால் கேட்குமே, அந்தச் சத்தம். அவளுடைய வலது கை முழங்கைக்குக் கீழே ஒடிந்தது. நான் நிற்கவில்லை. ஓடினேன்.

ஆவணி மாதம். செவ்வாய்க்கிழமை. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். காலை ஏழு இருபது. நேரம் எப்படித் தெரியும் என்று பின்னால் ஒருவர் என்னிடம் கேட்டார். ரேடியோவில் ஏழே கால் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பாதிச் செய்தியில் ரேடியோவை மிதித்தார்கள். அதனால் தெரியும்.

என் பெயர் பேச்சியம்மாள். ஏரலுக்கு மேற்கே ஆற்றங்கரையில் எங்கள் தெரு. ஊர்ப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், என்னோடு சாட்சி சொன்ன பெண்களின் வாசலில் மறுபடியும் ஜீப் நிற்கும். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப்போட்டவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு எனக்குத் தம்பி, தம்பிக்கு நான். அவன் பெயர் சுடலைமுத்து. வாழைத்தார் சுமந்து லாரியில் ஏற்றுகிற வேலை. அவன் எப்படிச் செத்தான் என்பதை அரசாங்கம் ஒரு மாதிரி எழுதி வைத்திருக்கிறது. அது பொய். நான் எழுதுவது அதற்காகத்தான்.

முந்தின நாள் திங்கள். அன்று நாங்கள் சாலை மறியல் செய்தோம். டவுன் பஸ் எங்கள் நிறுத்தத்தில் நிற்பதில்லை. மேலத்தெருவில் நிற்கும். எங்களைக் கண்டால் மட்டும் டிரைவருக்கு பிரேக் எங்கே இருக்கிறது என்று மறந்துபோகும். அதற்கு முந்தின வாரம் பிரசவ வலியோடு கைகாட்டிய பெண்ணைக்கூட ஏற்றாமல் போனான். உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். கூட்டத்திலிருந்து ஒரு கல் பறந்தது. பஸ்ஸின் முன் கண்ணாடி உடைந்தது. எறிந்தது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நானே அவன் முதுகில் இரண்டு வைத்திருப்பேன்.

சுடலைமுத்து மறியலில் இல்லை. அன்று முழுக்கத் தூத்துக்குடியில் லோடு இறக்கிக்கொண்டிருந்தான். அதுதான் வினையாயிற்று.

செவ்வாய் காலையில் வேன்கள் வருகிற சத்தம். நான்கு வேன். ஒரு ஜீப்.

"ஏலே, போலீசு வருதான் லே! ஆத்துப் பக்கமா ஓடுங்க லே!"

ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். தம்பி ஓடவில்லை. சுவரில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"எக்கா, நான்தான் நேத்து ஊர்லயே இல்லியே. என்ன எதுக்கு அடிக்கப் போறாவ? கேட்டா சொல்லுதேன். நீ பேசாம இரி."

போலீசுக்கும் மரியாதை வைத்துப் பேசினான், மடப்பயல். தப்புச் செய்யாதவனை யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று நம்பினான். நம்பியவன் அவன் ஒருவன்தான். அகப்பட்டவனும் அவன் ஒருவன்தான்.

கதவு திறந்துதான் இருந்தது. அப்படியும் உதைத்தார்கள். ஆறு பேர். யாரும் எதுவும் கேட்கவில்லை. தூத்துக்குடி என்று அவன் ஆரம்பித்தான். தலையில் முதல் அடி. ரேடியோ. மண்பானை. அரிசி டின். அவன் எழுந்திருக்கச் சுவரைப் பிடிக்கிறான். சுவரெல்லாம் ரத்தம். நான் அடிகளை எண்ணுகிறேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டாவது என் மேல் விழுந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். இசக்கியம்மாள் என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். ஓடினேன். என் தம்பியை விட்டுவிட்டு ஓடினேன். இதை எந்த விசாரணையிலும் யாரும் கேட்கவில்லை. நானாக எழுதுகிறேன்.

புதன்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார்கள். வியாழக்கிழமை போனேன். இல்லை. வேனில் ஏற்றியதைத் தெருவில் கிழவிகள் பார்த்திருக்கிறார்கள் என்றேன். "போறியா, உன்னையும் ஏத்தவா?" என்றான் வாசலில் நின்றவன்.

ஒருவரைக் கைது செய்தால் எதற்கென்று சொல்ல வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள விட வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். இதெல்லாம் நாட்டின் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். எனக்கு அப்போது தெரியாது. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கைது செய்ததாக அவர்கள் எழுதவே இல்லை.

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிணவறையில் காட்டினார்கள். மறியல் வழக்குக்குப் பயந்து பனையில் ஏறி ஒளிந்தானாம். தவறி விழுந்தானாம். யாரோ பார்த்துத் தகவல் சொன்னார்களாம்.

அவனுக்குப் பதநீர் குடிக்கத் தெரியும். பனை ஏறத் தெரியாது. பழக்கமில்லாதவன் பனையைக் கட்டிப்பிடித்து ஏறினால் நெஞ்சுத் தோல் உரிந்துவிடும். அவன் நெஞ்சில் ஒரு கீறல் இல்லை. உள்ளங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. வரிவரியாகத் தடம். பனையிலிருந்து விழுந்தவனுக்கு உள்ளங்கால் அப்படியா வீங்கும்? கேட்டேன். கையெழுத்துப் போடு என்றார்கள். அன்று சாயங்காலமே போலீஸ் காவலோடு அடக்கம். தெருவில் ஆணில்லை. பெண்கள் தூக்கினோம்.

அதன் பிறகு எல்லோரும் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சிதறிப் போனோம். வீடுகள் உடைந்தபடியே கிடந்தன.

அடுத்த புதன்கிழமை கிராம அலுவலகத்துத் தலையாரி ஆள் அனுப்பினார். திரும்பி வந்தோம். தெருவில் நின்று சத்தம் போட்டார்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வாராவ. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் வந்து பாப்பாவளாம். இப்படியா போட்டு வச்சிருப்பிய? ஒரு மரியாதை வேண்டாமா?"

அவரை யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா, தெரியாது. அவர் தலையில் போட்டு நான் தப்பிக்க விரும்பவில்லை. விளக்குமாறு என் கையில்தான் இருந்தது.

எங்கள் வீடுகளுக்குள் அதுவரை எந்த அதிகாரியும் காலடி வைத்ததில்லை. ரேஷன் கார்டுக்குக் கணக்கெடுக்க வந்தவர்கூடத் தெருமுனையில் நின்றே எழுதிக்கொண்டு போனார். மேலத்தெருக்காரர்களுக்கு நாங்கள் அழுக்குச் சனம். முதல்முறையாக ஒரு பெரிய மனுஷர் உள்ளே வரப்போகிறார். எங்களுக்கு நியாயம் சொல்ல வருகிறார். வருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. இவ்வளவுதான் எங்கள் புத்தி.

நான்தான் ஆரம்பித்தேன். என் வீடு எப்போதும் பளிச்சென்று இருக்கும் என்று எனக்கு ஒரு கர்வம். என்னைப் பார்த்துத் தெரு முழுவதும் ஆரம்பித்தது. உடைந்த ஓட்டையும் பானையையும் கூடை கூடையாக அள்ளி ஆற்றுக்குள் கொட்டினோம். முறிந்த கட்டிலையும் கதவையும் அடுப்புக்கு வைத்தோம், ஓடு போன கூரையில் பனையோலை பரப்பினோம். தரைக்குச் சாணி மெழுகினோம். வாசலில் கோலம் போட்டாள் ஒருத்தி.

என் வீட்டுச் சுவரில் தம்பியின் கை இருந்தது. இடது கை. ஐந்து விரலும் தெளிவாக. ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு அந்த வீட்டில் என்னால் நிற்கவும் முடியவில்லை. தேங்காய் நாரால் தேய்த்தேன். சீயக்காய்த்தூள் போட்டுத் தேய்த்தேன். அழுதுகொண்டே தேய்த்தேன். கட்டைவிரல் மட்டும் போகவில்லை. சுண்ணாம்பு கரைத்து மூன்று பூச்சுப் பூசினேன். போய்விட்டது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். செய்தி கேட்டுத் தானாக வந்தவர். வக்கீல் அண்ணாச்சி என்றுதான் அவரைக் கூப்பிட்டோம். தெருமுனையில் சைக்கிளை நிறுத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். ஒவ்வொரு வீடாக எட்டிப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. என் வீட்டுக்கு வந்தார்.

"எங்கன வச்சும்மா அடிச்சாவ?"

சுவரைக் காட்டினேன். வெள்ளைச் சுவர். ஈரம்கூட முழுதாகக் காயவில்லை.

"நேத்துத்தான் கழுவினேன் அண்ணாச்சி. சுண்ணாம்பும் அடிச்சிட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். மெழுகிய தரையில் உட்கார்ந்தார். கைது செய்ததற்கு எழுத்து இல்லை. அவனை வீட்டில் வைத்து அடித்து இழுத்துப்போனார்கள் என்பதற்கு இந்தச் சுவர்தான் எழுத்து. அதைப் பைய, ஒரு குழந்தைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொன்னார். கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. இசக்கியம்மாள் சொன்னாள்.

பத்தே காலுக்கு அதிகாரி வந்தார். ஏரலில் வாங்கி வைத்திருந்த கலர் சோடா பாட்டிலை யாரோ உடைத்துக் கொடுத்தார்கள். குடித்தார். "பரவாயில்லையே, வீட்டை நல்லா வச்சிருக்கீங்களே" என்றார். சுவருக்குள் ரத்தம் இருக்கிறது, சுரண்டிப் பாருங்கள் என்று வக்கீல் அண்ணாச்சி சொன்னார். நான் காலில் விழுந்து சொன்னேன். பார்க்க வந்தேன், சுரண்ட வரவில்லை என்றார். பதினோரு மணிக்கு ஜீப் போய்விட்டது. வீடுகளில் சேதத்தின் அடையாளம் ஏதும் காணப்படவில்லை என்று எழுதினார். அவர் எழுதியதில் அந்த ஒரு வரி மட்டும் உண்மை.

கார்த்திகையில் விசாரணை. ஓர் அரசாங்கக் கட்டடம். அரசாங்கம் செய்த காரியத்தை அரசாங்க அதிகாரி விசாரித்தார். கேள்வி கேட்டவர் அரசாங்க வக்கீல். அடித்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். நான் நின்றேன்.

ரத்தம் இருந்ததா என்றார் அரசாங்க வக்கீல். இருந்தது. இப்போது இருக்கிறதா. இல்லை. யார் அழித்தது. நான். ஏன் அழித்தாய்.

"அய்யா வீட்டுக்குள்ள வாராவன்னு சொன்னாவ. அதனால கழுவினேன்."

சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மேசையைத் தூக்கிப் போட்டிருப்பேன். போடவில்லை. போட்டிருந்தால் அதையும் என் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

அடுத்து இசக்கியம்மாள். கோணலாகக் கூடிய கையைத் தூக்கிக் காட்டினாள். வாழைத் தோட்டத்தில் வழுக்கி விழுந்தாயா என்று கேட்டார்கள். அவள் அந்தக் கட்டடம் அதிரக் கத்தினாள்.

"ஏன்யா, எங்க தெருவுல எல்லாரும் ஒரே நாள்லயா விழுந்தோம்?"

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். பேனா அசையவில்லை.

மறு வருஷம் அறிக்கை வந்தது. காவலர்கள் நிலைமையைக் கட்டுப்படுத்தக் குறைந்த அளவு பலத்தைப் பயன்படுத்தினர். மரணத்துக்கும் காவல்துறைக்கும் தொடர்பில்லை. வக்கீல் அண்ணாச்சி சென்னைக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். வாய்தா. வாய்தா. இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடி. கைது செய்யப்படாத ஒருவர் காவலில் எப்படி இறக்க முடியும் என்று எதிர்த்தரப்பில் கேட்டார்களாம். அதற்கு விடை என் சுவரில் இருந்தது. என் கையால் கழுவினேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கழுவியது சுவரை. ஸ்டேஷன் பதிவேட்டில் அவன் பெயரை எழுதாமல் விட்டது நானா? பிணவறையில் உள்ளங்காலைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எழுதிய டாக்டர் நானா? படிக்காதவள் செய்த தப்புக்குள் படித்தவர்கள் எல்லோரும் போய் ஒளிந்துகொண்டார்கள்.

கணக்குச் சொல்லி முடிக்கிறேன். இதை வேறு யாரும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு. கதவு உடைந்தது இருபத்தாறு. ஓடு நொறுங்காத வீடு இரண்டே இரண்டு. தையல் மிஷின் மூன்று. சைக்கிள் ஒன்பது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ்கள் நான்கு, அடுப்பில் போட்டு எரித்தார்கள். என் ரேடியோ. சாட்சி சொல்லப் போன நாட்களுக்கு லீவு சொல்லவில்லை என்று போன என் சத்துணவு வேலை. இசக்கியம்மாளின் வலது கை, இருக்கிறது, ஆனால் குடம் தூக்காது. மறியல் வழக்குக்குப் பயந்து ஓடித் திரும்பவே வராத ஆண்கள் இரண்டு பேர், ஒருவர் பம்பாயில் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பஸ் கண்ணாடி ஒன்று. அதற்கு வழக்கு நடந்தது. சாட்சிகள் வந்தார்கள். எங்கள் தெருப் பையன்கள் மூன்று பேர் ஆறு மாதம் ஜெயிலில் இருந்தார்கள்.

சுடலைமுத்து. வயது இருபத்து நான்கு. என் தம்பி. அவன் சாவுக்கு இந்த நாட்டில் எங்கேயும் ஒரு வழக்கு இல்லை.