தமிழினி கல்யாணத்துக்கு எந்தக் கேமரா

அலோ... அப்பா? நான் பாரதி பேசறேன்... ஆமா, பார்லர்க்காரங்க ஷஹீன் பானு ஃபோன். என் நம்பர்னாதான் நீ எடுக்க மாட்டன்றியே... பொய் சொல்லாத. எத்தினி வாட்டி அடிக்கறது?

முஸம்மில திருப்பி அனுப்பிட்டியாமே?... அவன்தான் சொன்னான். ஆம்பூர்ல இருந்து காலங்காத்தால படம் எடுக்க பைக்ல வந்தவன மண்டபத்து வாசல்லயே நிக்க வச்சி, "எம்பொண்ணு கல்யாணத்த நானே எடுத்துக்கறேன், நீ கெளம்பு"ன்னியாம்... சொன்னியா, இல்லியா?... இன்னா நெனச்சிக்கிட்டு இருக்கற? என் கேமராவ அவன் கையில குடுத்து அனுப்புனது நான். அக்கான்னு நான் கல்யாணப் பொண்ணு கூட நிக்கணும், அதான் அவன்... உன் ஸ்டுடியோவா? போர்டுல உன் பேர் இருக்குது. நடத்தறது நான்.

ஒரு நிமிசம். தமிழினிக்கு ஜடை வச்சிட்டு இருக்காங்க, வெளிய வர்றேன்.

ம், சொல்லு... ஆமா... ஆமா, ஆமா, பிலிம் ஏமாத்தாது. சார்ஜ் வேணாம், கார்டு வேணாம், மழையில நனைஞ்சாலும் எடுக்கும். தெரியும்ப்பா, பேஜார் பண்ணாத... ஆமா, நாட்றம்பள்ளியில என் கார்டு போச்சு. காதுகுத்து மொத்தமும் போச்சு. இல்லன்னா சொன்னேன்? அதுக்கப்புறம் வாங்குனதுதான இந்தப் புதுசு? ரெண்டு கார்டுல ஒரே நேரத்துல ஏறும்... வெல ஜாஸ்திதான். உன்கிட்டயா கேட்டேன்?

உன் கேமராவ யாருப்பா கொற சொன்னாங்க?... அப்பா. அப்பா, நிறுத்து. இத சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். மேல்விஷாரம் நிக்காஹ் ஞாபகம் இருக்குதா? சகீனா கல்யாணம். லேடீஸ் பக்கம் நான் டிஜிட்டல்ல எடுத்தேன், ஜென்ட்ஸ் பக்கம் நீ பிலிம்ல... ம், அதேதான். உன் ரோலெல்லாம் கழுவுற எடத்துல கெட்டுப்போச்சுன்னு சொன்னேன் இல்ல?... கெட்டுப்போகல... கெட்டுப்போகலப்பா! மெட்ராஸ்ல கழுவி ஒழுங்கா வந்துச்சு. வெளிச்சம் கரெக்டு, கலர் கரெக்டு. ஒரு மூஞ்சி கூட தெளிவா இல்ல. மாப்பிள்ள மங்கல். நிக்காஹ் ஓதுன ஹஜ்ரத் மங்கல். பின்னாடி செவுத்துல கடியாரம் மட்டும் பளிச்சுன்னு விழுந்திருக்குது.

லென்ஸ் இல்லப்பா... இல்ல. லென்ஸ்ல பூஞ்சைன்ன, கழட்டி சுத்தம் பண்ணிக் குடுத்தேன். அப்புறம் கண்ண வச்சிப் பாக்கற கண்ணாடியில கறைன்ன. அதே கேமரா, அதே லென்ஸு, நான் ஒரு ரோல் எடுத்துப் பாத்தேன்... ஆமா, உனக்குத் தெரியாமத்தான். ஊசி முனை மாதிரி வந்துச்சு. உன் கேமரா நல்லாத்தான் இருக்குது. உன் கண்ணுதான் போயிடுச்சு.

இன்னா?... என் டிஜிட்டல்லயா? அதுவே ஃபோகஸ் பண்ணிக்கும்னு இப்பதான் தெரியுதா? சூரியபிரகாஷ் லுங்கிக் கடையில உக்காந்துக்கிட்டு, "எம்பொண்ணு பொம்ம வச்சி வெளையாடறா"ன்னு சிரிச்சியே?... வேணாம். யார் மூஞ்சின்னு நீதான அதுக்குக் காட்டணும்? நீ கடியாரத்தக் காட்டுனா அது கடியாரத்தத்தான் புடிக்கும்... ஒரு ரோல் கூட வேணாம். தாலி கட்டறது மட்டும்னாலும் வேணாம். மங்கலாயிடுச்சு, இன்னொரு தடவ கட்டுங்கன்னு கேக்கவா முடியும்?

தமிழினிகிட்டயா?... அவகிட்ட இன்னா பேசப் போற? சின்னப் பொண்ணு, எறக்கப்பட்டு எடுத்துக்கப்பான்னு சொல்லிடுவா, அதான?... இத உன்கிட்ட சொல்லச் சொன்னதே அவதான்... ஆமா. மேல்விஷாரம் படத்தெல்லாம் அவளும் பாத்தா. "அப்பா எடுத்தா அந்த ஆல்பத்த நான் தொறக்கவே மாட்டேன்"னா... பக்கத்துலதான் இருந்தா. உன்கிட்ட பேச மாட்டாளாம்.

அழாத... அழாதன்றேன் இல்ல? வாசல்ல ஜனம் நிக்குது... கண் ஆஸ்பத்திரிக்கு வான்னு எத்தினி வாட்டி கூப்ட்டேன்? எனக்கு இன்னா கேடுன்னு கேட்ட. இப்ப அத பேசி இன்னா ஆவப் போவுது?

கேளு. முஸம்மில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலதான் இருக்கான், திரும்பி வரச் சொல்லிட்டேன். அவன்கிட்ட ஒரு வார்த்த பேசக் கூடாது நீ. அந்தக் கேமராவ கழுத்துல இருந்து கழட்டி அம்மாகிட்ட குடு... இப்பவே. சட்டைய மாத்து. மாப்பிள்ள கூட வேல செய்யற ஷூ கம்பெனி ஆளுங்கல்லாம் வர்றாங்க. பொண்ணப் பெத்தவன் கேமராவ மாட்டிக்கிட்டு மேடைக்கும் கீழயும் ஓடுனா மரியாதையாவா இருக்கும்?... ம்... கழட்டிட்டியா?... சரி. பன்னீர் செம்ப எடுத்துக்கிட்டு வாசல்ல நில்லு.

இன்னா ஆரன் சத்தம்? காவேரிப்பாக்கம் பஸ்ஸா? வந்துட்டாங்களா?... அப்பா, உன்னத்தான் கேக்கறேன், மாப்பிள்ள வீட்டுக்காரங்கதானா?... தெரியலன்னா? எதிர்க்கதான எறங்கறாங்க?... சம்பந்தியத்தான் நிச்சயத்துல பாத்தியே... அவ்ளோ கிட்டக்க வந்துமா தெரியல?...

சரி... சரி, பதறாத. யாரா இருந்தா இன்னா, கையெடுத்துக் கும்பிடு. பன்னீரத் தெளி. முஸம்மில் வந்ததும் படம் எடுப்பான்... எந்தப் பக்கம் பாக்கறதுன்னா? எங்கயாவது பாரு. சிரி... வாயத் தொறந்து சிரிப்பா. வச்சிடறேன்.