என் பேட்ஜில் பதிந்த கங்கையாவின் கதிர்வீச்சு

பெயர்: சிரஞ்சீவி. தந்தை பெயர்: ஏழுமலை. வயது: 34. ஊர்: வரதய்யபாளையம் மண்டலம். தொழில்: வெல்டிங் குழாய்களைக் கதிர்வீச்சால் படமெடுத்துச் சோதிக்கும் கம்பெனியில் ஹெல்பர்.

திருப்பதியில், கதிர்வீச்சுத் தொழிலாளர் இழப்பீட்டுக் கண்காணிப்புக் குழுத் தலைவர் பிரேமலதா அம்மா முன்பாகத் தமிழில் சொல்வது:

ஒன்பது வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நாங்கள் சரி என்று விட்ட குழாய் ஒன்றுகூட இதுவரை கசிந்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன், அப்படியே எழுதிக்கொள்ளவும். வேலை நேரத்தில் மார்பில் ஒரு பேட்ஜ் மாட்ட வேண்டும். உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு மே 12 முதல் ஜூன் 20 வரை லீவு போட்டு, பங்காருபாளையத்தில் என் மாமனார் தோப்பில் மாங்காய் அறுவடையில் இருந்தேன். போகும்போது பேட்ஜை சூப்பர்வைசர் நாகையாவிடம் ஒப்படைத்தேன். அதன் பிறகு அவர் எங்கள் ஊர் கங்கையாவைத் தினக்கூலிக்கு வைத்து, பேட்ஜ் இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள் என்பதால் என்னுடையதை மாட்டி அனுப்பியிருக்கிறார். ஒரு நாள், படமெடுக்க டியூப் வழியாக வெளியே தள்ளிய கதிர்வீச்சுப் பொருள் தன் ஈயப் பெட்டிக்குள் திரும்பாமல் டியூப் முனையிலேயே சிக்கிக்கொண்டது தெரியாமல், கங்கையா அந்த முனையை வலது கையால் பிடித்துக் கழற்றினார். நான் திரும்பி வந்தபோது அவர் விரல்கள் கொப்பளித்திருந்தன. பிறகு கறுத்தன. இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். இப்போது இடது கையால் சாப்பிடுகிறார். அதனால் கல்யாணப் பந்தியில் உட்காருவதை விட்டுவிட்டார்.

கங்கையா என்று யாரும் தங்களிடம் வேலை செய்யவில்லை என்று கம்பெனி சொன்னது. பேட்ஜில் அளவுக்கு மீறிய ரீடிங் பதிந்திருந்தது; பேட்ஜ் என் பெயரில் இருந்ததால் எனக்கு இழப்பீடு என்றது. விரல் போனவருக்குத் தர வேண்டியதில் அது கால் பங்குகூட இல்லை. கம்பெனி ஆபீசர் சந்திரசேகர் என்னைக் கூப்பிட்டு, "ரீடிங் உன் பேர்ல கீது. சைன் போட்டுட்டு வாய மூடிக்கினு போ" என்றார்.

எனக்கு ஆசை வந்தது. ஒரு நாள் முழுக்க நானும் மனைவி ஸ்ரீதேவியும் வீட்டுக்குத் தளம் போடுவதைப் பற்றியே பேசினோம். மறுநாள் போய், "என் ஒடம்புல படாததுக்கு நான் எதுக்கு சார் துட்டு வாங்கணும்?" என்று கேட்டேன். இருந்தும் நான் ஒப்புக்கொண்டதாகவே எழுதி ஃபைலைக் குழுவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவ்வளவு கதிர்வீச்சு பட்டவன் ரத்தத்தில் ஒரு கோளாறும் இல்லையே என்று பிரேமலதா அம்மாதான் சந்தேகப்பட்டார். பங்காருபாளையம் மண்டிக்கே போய், அந்த நாட்களில் நான் லோடு இறக்கிக் கையெழுத்துப் போட்ட ரசீதுகளைப் பார்த்தார். அதன் பிறகு கங்கையா வீட்டுக்கு வந்து அவர் கையைப் பார்த்தார். எங்கள் தெருவில் செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த முதல் அதிகாரி அவர்.

இன்று அம்மா என்னிடம், "இதுல கையெழுத்து போட்டா கம்பெனி உன்ன வேலைய விட்டு எடுக்கலாம், தெரியுமாப்பா?" என்று கேட்டார்.

"தெரியும்மா. பேட்ஜுதான் என்து, வெந்தது அவரு கை. அந்த ரீடிங்க அவரு பேர்ல எழுதுங்க" என்றேன்.

நான் சொன்னபடியே எழுதி எனக்குப் படித்துக் காட்டினார்கள். அனைத்தும் உண்மை. திருத்த ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) சிரஞ்சீவி