காது எட்டாத பெண்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வரும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இளையவளின் மகள்.

"எங்க பொண்ணுக்கு வீட்டுல காது எட்டுதுக்கா. ஸ்கூலுக்குப் போனா எட்ட மாட்டேங்குது," என்றாள் இளையவள்.

"அதெப்படிம்மா?"

"ஒண்ணாங்கிளாஸ்ல சேக்கறதுக்கு, தலைக்கு மேல கையப் போட்டு அந்தப் பக்கத்துக் காதைத் தொடச் சொல்றாங்க இல்ல? பெரிய வாத்தியார் முன்னால பாதி மண்டையிலயே கைய நிறுத்திட்டா."

"ஏனாம்?"

"பால்வாடிக்குப் புதுசா ஊஞ்சல் போட்டிருக்காங்க. அத விட்டு வர மனசில்ல. வாத்தியாரும் சொல்லிப் பாத்தாரு, ஸ்கூல் கூரைக்கு ஓடு மாத்தியாச்சு, இனிமே மழைக்கு ஒழுகாதுன்னு. இவ அசையவே இல்ல."

"அப்புறம்?"

"சிரிச்சுகினே, 'காது எட்டுறவங்க மட்டும் ஊஞ்சல்ல நின்னுகினு ஆடலாம்'னாரு. ஒடனே தொட்டுட்டா! இப்ப பாக்கறவங்ககிட்டல்லாம் தொட்டுக் காட்டுறா. பால்வாடிப் புள்ளைங்க பூரா காது எட்டணும்னு கழுத்தச் சாய்ச்சுகினு நிக்குதுங்க."

இருவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்டக்டர் வந்துவிட்டார்.

"பாப்பாவுக்கு அரை டிக்கெட்டுங்களா?"

இளையவள் சட்டென்று மகளை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "கைக்குழந்தைங்க. ஸ்கூல்ல கூட இன்னும் சேக்கல."

மடியில் இருந்தபடியே அந்தச் சிறுமி வலக்கையைத் தலைக்கு மேல் போட்டு, இடது காதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்டக்டரைப் பெருமையாகப் பார்த்தாள்.

கண்டக்டர் அரை டிக்கெட்டைக் கிழித்தார்.