வட்டக்குளத்து மீன்களின் ஆரோக்கியம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் மேசையில் இருக்கும் தங்கமீனுக்கு அந்தக் கண்ணாடிக் குடுவை போதாது. காலையில் நீங்கள் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது அது மேலே வந்து வந்து வாயைத் திறந்தது. பசிக்கிறதென்று நினைத்து இன்னொரு சிட்டிகை தீனி போட்டீர்கள். அது பசியில்லை, மூச்சுத் திணறல். தீனி ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். வாரம் இரண்டு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். ஒரு நாள் வாளியில் வைத்திருந்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள்.

நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது திமிரால் இல்லை. எனக்கு ஆட்களிடம் பேச வராது. எழுத வரும். அதனால்தான் தாள் கேட்டேன். நான்கு தாள் கொடுத்தீர்கள். போதும்.

இல்லத்தில் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம் ஆகிறது. வேதியியல் படித்திருக்கிறேன். விளம்பரத்தில் 'குளத்தையும் மீன்களையும் பார்த்துக்கொள்ள ஆள் தேவை' என்று மட்டும் இருந்தது. மனிதர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தத் தைரியத்தில் விண்ணப்பித்தேன். அது முதியோர் இல்லம் என்பதே வாசலில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

முற்றத்தின் நடுவில் வட்டமான சிமெண்ட் குளம். பதினெட்டாயிரம் லிட்டர் பிடிக்கும். நான் வந்தபோது தண்ணீர் பாசிப் பச்சையாக இருந்தது. உள்ளே மீன் இருப்பதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். மூன்று மாதத்தில் அடியில் கிடக்கும் கூழாங்கற்கள் தெரியும்படி செய்தேன். கோய் என்னும் ஜப்பானிய வண்ணக் கெண்டைகள் பதினொன்று, தங்கமீன்கள் ஆறு. கோய்களில் பெரியதற்கு நெற்றியில் தலைப்பாகை கட்டியதுபோல் சிவப்புத் திட்டு. எதையும் செய்யாமல் எல்லாரையும் சுற்றி வந்து மேற்பார்வை பார்க்கும். அதனால் தையல்காரர் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார். அவர் நான்காம் அறைக்காரர்.

காலைச் சிற்றுண்டி முடிந்ததும் இல்லத்தில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் குளத்தைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன்களுக்கு ரொட்டி போடுவார்கள். ரொட்டி மீன்களுக்கு ஆகாது. ஆனால் அதைச் சொல்ல இருபத்திரண்டு பேரிடம் பேச வேண்டியிருக்கும். நான் வடிகட்டியை வாரம் ஒரு தடவைக்குப் பதில் மூன்று தடவை கழுவினேன்.

சில மாதம் கழித்து, மருந்தறையைப் பார்த்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. மேனேஜர் என்னை அழைத்துப்போய் அவர் முன்னால் நிறுத்தி, "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, மாத்திரைய எடுத்துப் போடத் தெரியாதா என்ன" என்றார். அன்றிலிருந்து பிற்பகல்களில் நான்தான் மாத்திரைப் பெட்டிகளை நிரப்பினேன். ஒருவருக்கு ஒரு பெட்டி, நாளுக்கு ஒன்றாக ஏழு மூடிகள், மேலே அறை எண். அமைதியான வேலை. கதவைச் சாத்திக்கொள்ளலாம்.

போன வருடக் கடைசியில் மீன்கள் சோர ஆரம்பித்தன. மேஸ்திரி துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு அடியில் கிடந்தது. ஒன்று ஒருக்களித்து நீந்தியது. இரண்டு சுவரில் முட்டின. தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, அமிலத்தன்மை சரி, காற்று சரி. உடம்பு வழவழப்பைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். ஒட்டுண்ணி ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கோய் செத்தது. இரண்டு கிலோ முந்நூறு கிராம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

வடிகட்டிக்குத் தண்ணீர் போகும் வாயில் ஒரு கூடை உண்டு. இலை, ரொட்டித் துணுக்கு எல்லாம் அதில் சேரும். மறுநாள் அதைக் கழுவியபோது ஊறிய ரொட்டிக்குள் பாதி கரைந்த இளஞ்சிவப்பு மாத்திரை இருந்தது. எனக்குத் தெரிந்த மாத்திரைதான். திங்கட்கிழமை ஏழாம் அறைப் பெட்டியில் நானே போட்டது.

ஏழாம் அறையில் இருப்பவர் டீச்சர். நான்கு காலைகள் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ரொட்டியைக் கிள்ளி, மாத்திரையை உள்ளே வைத்து உருட்டி, குறி தவறாமல் மீனின் வாய்க்கு நேராகப் போட்டார். அவர் மட்டுமில்லை. இருபத்திரண்டில் பதினான்கு பேர். தையல்காரர் ஒருமுறை பக்கத்து நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார், எழுபது வயது வரைக்கும் ஒரு மாத்திரை தெரியாமல் வாழ்ந்தாராம், இப்போது ஒரு வேளைக்கு ஆறாம், மேஸ்திரிக்குத்தான் உடம்பு கல் மாதிரி இருக்கிறது, அது தாங்குமாம்.

ஐந்தாம் நாள் டீச்சர் என்னைப் பார்த்துவிட்டார். "என்ன முழிக்கிறே? மேனேஜர்கிட்டப் போய்ச் சொல்லப்போறியா? நீ வாயத் திறந்தா குளமே வத்திடும், போ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

இதற்கிடையில் வியாழக்கிழமைதோறும் வரும் டாக்டர், இவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்கவில்லையே என்று மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். நான் கூட்டிப் போட்டேன். அவர்கள் கூட்டி வீசினார்கள். மீன்களுக்கு அளவு ஏறியது.

நான் எடுத்த எடுப்பில் மாத்திரையை மாற்றிவிடவில்லை. மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். கையாலேயே என்ன என்று கேட்டார். நான், குளத்துக்கு மேல் வலை கட்ட வேண்டும் என்றேன். வலை கட்டினால் பார்க்க வருகிறவர்களுக்கு நன்றாக இருக்காது என்று கையாலேயே மறுத்துவிட்டார். நான் வந்துவிட்டேன். இனி ஒரு வழிதான் இருந்தது.

மருந்தறை அலமாரியில் பழைய கை அச்சு ஒன்று கிடந்தது, மாத்திரை அழுத்துவதற்கு. கோதுமை முளையைப் பொடித்து, கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைந்து அழுத்தினேன். இளஞ்சிவப்புக்குப் பீட்ரூட், மஞ்சளுக்குக் கேரட். கோதுமை முளை கோய்களுக்கு எளிதில் செரிக்கும். கேரட் அவற்றின் நிறத்தைக் கூட்டும். முதலில் பூண்டும் சேர்க்க நினைத்தேன், அது ஒட்டுண்ணியைத் தடுக்கும். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரத்தில் மேஸ்திரி எழுந்து மேற்பார்வைக்கு வந்தது. ஒரு மாதத்தில் எல்லா மீன்களும் தேறின. குளத்தைப் படம் எடுத்து இல்லத்தின் சிற்றேட்டில் போட்டார்கள்.

அந்தப் பதினான்கு பேருக்கும் என்னால் எந்தக் கெடுதலும் இல்லை. அவர்கள் விழுங்காததைத்தான் நான் மாற்றினேன். மற்ற எட்டுப் பேரின் பெட்டிகளில் அப்போது நான் எதையும் மாற்றவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இப்போது இல்லத்து நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்று எல்லாரையும் விழுங்க வைக்கிறாராம், டீச்சர் நேற்று மயங்கி விழுந்தாராம். அவர் பெட்டியில் எழுதியிருக்கும் அளவு குளத்துக்காக ஏறியது. டாக்டரிடம் யாராவது சொல்லிவிடுங்கள்.

தபால்காரர் அந்த எட்டுப் பேரில் ஒருவர். பன்னிரண்டாம் அறை, எண்பத்தொரு வயது. முப்பத்தெட்டு வருடம் தெருத்தெருவாகக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர். அவர் பேருக்கு எது வந்தாலும் வாங்கிக்கொள்வார், மாத்திரையையும். ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு, நேராக நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குவார். அவருடைய இருதய மாத்திரை சின்னது, மஞ்சள். இல்லத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. ஒரு நாளும் நிறுத்தக்கூடாது என்று அட்டையில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். படித்திருக்கிறேன்.

ஐந்து மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. பிறகு ஒரு நாள் கூடையில் ரொட்டிக்குள் அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை ஒன்று கிடந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசந்தது. அசல்.

எனக்கு வருத்தமாக இருந்தது. அவரைப் பற்றி நான் அப்படி நினைத்திருக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை பன்னிரண்டாம் அறைப் பெட்டியிலும் கேரட் மாத்திரை போட்டேன்.

மூன்று வாரத்தில் அவர் கணுக்கால் வீங்கியது. அறையிலிருந்து குளத்துக்கு அறுபது அடி தூரம், நடுவில் இரண்டு இடத்தில் நின்றார். உட்கார்ந்த பிறகும் வாயைத் திறந்து, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினார். அறிகுறிகள் எனக்குப் பழக்கமானவைதான். அவருடைய நாற்காலியை நீரூற்றுப் பக்கம் நகர்த்திப் போட்டேன். அங்கே காற்று வரும். அவர் எனக்கு நன்றி சொன்னார்.

இந்த இடத்தில், காரணம் என்னவென்று நான் யோசிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். ஒன்றை மட்டும் மாற்றி, அதன் பிறகு ஒன்று மட்டும் மாறினால் என்ன பொருள் என்று கல்லூரியில் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். யோசித்தேன். அவர் மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டிருந்தவர் என்பது தெரிந்துதான் இருந்தது. ஆனால் கூடையில் கிடந்ததும் உண்மைதானே.

வியாழக்கிழமை டாக்டர் அவர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, மஞ்சள் மாத்திரையை ஒன்றுக்கு இரண்டாக எழுதினார். இரண்டாகப் போட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை தபால்காரர் நீரூற்றுப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார். தேநீர் கொண்டுவந்த நர்ஸ் அக்காதான் முதலில் பார்த்தது. மீன்கள் எல்லாம் அவருக்கு முன்னால் கூடி நின்று துக்கம் காத்தன என்று சொல்லிச் சொல்லி அழுதார். அவர் கையில் ரொட்டி இருந்தது.

மூன்று நாள் கழித்து அவருடைய மகள் சாமான்களை எடுத்துப்போக வந்தார். நர்ஸ் அக்கா மேசை இழுப்பறையைத் திறந்தார். மாத்திரைப் பெட்டிக்கு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. இருதய மாத்திரைக்கு எறும்பு வராது. அக்கா ஒன்றை உடைத்து முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைத் தேடி வந்தார். நான் அப்போது வடிகட்டி கழுவிக்கொண்டிருந்தேன், பாதியில் எழுந்து வரவேண்டியதாகிவிட்டது. பஞ்சைத் திரும்பப் பொருத்தினார்களா என்று விசாரிக்க முடிந்தால் நல்லது.

இதுவரை எழுதியதை வைத்துப் பார்த்தால், ஒரு மஞ்சள் மாத்திரையைப் பார்த்து நான் தவறாக முடிவுகட்டிவிட்டேன், யாரிடமும் கேட்கக் கூச்சப்பட்டேன், ஒரு பெரியவர் இறந்துவிட்டார் என்று ஆகும். காலையில் நீங்கள் கேட்ட கேள்விகளும் அந்தப் பக்கமாகத்தான் போயின. நான்காம் தாளில் இன்னும் இடம் இருக்கிறது. அவர் என்னிடம் ஏதாவது கேட்டாரா என்று நீங்கள் கேட்டபோது நான் தலையை அசைத்தேன். இல்லை என்று எழுதிக்கொண்டீர்கள்.

கேட்டார். அவர் இறப்பதற்கு நான்கு நாள் முன்பு. மற்றவர்கள் இன்னும் வெளியே வரவில்லை. நான் வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையிலிருந்து அன்றைய மஞ்சள் மாத்திரைகள் இரண்டையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"பாப்பா, இது முன்னெல்லாம் நாக்குல பட்டா கசக்கும். இப்ப பிஸ்கட்டு மாதிரி இருக்கு. கம்பெனி மாத்திட்டாங்களா?"

நான் வலையைத் தட்டி இலைகளை உதறினேன். அவரே குரலைத் தாழ்த்திக்கொண்டு தொடர்ந்தார்.

"நான் பண்ண தப்புக்குத்தான் இப்படி மூச்சு முட்டுதோன்னு இருக்கு. நீ காத்துப் பம்பைக் கழட்டிக் கழுவினியே, அன்னைக்கு மேஸ்திரி மேல வந்து, மாத்திரை இல்லாத காலத்துல நான் வாங்கின மாதிரியே மூச்சு வாங்குச்சு. மனசு கேக்கல. என்னோடத ரொட்டில வச்சுக் குடுத்தேன். ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு தடவ. யார்கிட்டயும் சொல்லிடாதம்மா."

அசல் மாத்திரைகள் மருந்தறையில் இருந்தன. பத்து நிமிட வேலை. நான் அவரைப் பார்த்தேன், பிறகு மேஸ்திரியைப் பார்த்தேன். இரக்கத்தில் ஒரு தடவை கொடுத்தவர் இன்னொரு தடவையும் கொடுப்பார். சோம்பலில் வீசுகிறவர்களையாவது கணக்கில் வைத்துக்கொள்ளலாம், இவர் எப்போது இரக்கப்படுவார் என்று எனக்குத் தெரியாது. கோய் நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் முப்பது வருடம் இருக்கும்.

"வியாழக்கிழமை டாக்டர் வந்தா, இந்த ருசி விஷயத்தச் சொல்லட்டுமா?" என்றார்.

"வேணாம் ஐயா. கம்பெனிதான் மாத்தியிருக்காங்க. முன்ன இருந்ததவிட இது நல்ல மாத்திரை. ரெண்டையும் விடாம போடுங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். படிச்ச பொண்ணு."

ஒன்றை வாயில் போட்டு விழுங்கினார். பிறகு இன்னொன்றை. நான் கடைசிவரை அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். குளத்தில் எதுவும் விழவில்லை.