வௌவால் கதவின் சாவி

எழுதித் தரச் சொன்னதற்கு நன்றி, இன்ஸ்பெக்டர் சார். யாராவது சத்தமாகப் பேசினால் எனக்குத் தலையை வலிக்கும். லாஸ்பேட்டையில் ஸ்கூட்டர் ஹாரனுக்கே ஜன்னலைச் சாத்துகிற ஆள் நான்.

பெயர் பிரேம்குமார். முப்பது வருடம் அரசு குமாஸ்தா. ஓய்வுக்குப் பிறகு வௌவால் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர். மூடிக் கிடக்கும் பஞ்சாலையின் பின்புறம், பிரெஞ்சுக்காரர் காலத்தில் தண்ணீர் கொண்டுவர வெட்டிய சுரங்கத்தில் நாலாயிரம் வௌவால்கள் இருக்கின்றன. ஆலை மூடியதும் தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். வௌவால்களுக்கு வீடு கிடைத்தது. யாருக்கோ நல்லது நடந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

சுரங்க வாயிலில் உள்ள கம்பிக் கதவு என் யோசனை. வௌவால் தாராளமாகப் பறந்து போகும், மனிதன் தலையைக்கூட நுழைக்க முடியாது. காலையில் திறந்து மத்தியானம் பூட்டுவேன். உள்ளே போகிறவர் என் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போடாதவர் ஒருவர்தான். சேதராப்பட்டு கோவிந்தராசு, அறுபத்தெட்டு வயது, பழைய ஆலைத் தொழிலாளி. கத்தரிச் செடிக்கு உரமாக வௌவால் எச்சத்தைக் கோணியில் அள்ளிப்போவார். நோட்டை நீட்டினால், "ஆலைய மூடும்போது ஒரு காயிதத்துல கையெழுத்து போட்டேன், வேல போச்சு. இனிமே எதுலயும் போட மாட்டேன் சார்" என்பார். ஒழுங்குமுறை தெரியாத மனிதர்.

இது குட்டி போடும் பருவம். ஆள் அரவம் கேட்டால் தாய் பதறிப் பறக்கும், குட்டி கீழே விழும். வியாழக்கிழமை சென்னையிலிருந்து நிபுணர் குழு வரவிருந்தது. அதுவரை கதவைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். திங்கள் மத்தியானம் நோட்டைப் பார்த்தேன். யார் பெயரும் இல்லை. பூட்டினேன்.

செவ்வாய்க்கிழமை போனபோது கம்பிக்குப் பின்னால் கோவிந்தராசு நின்றுகொண்டிருந்தார். "தொறங்க சார். ராவெல்லாம் கத்தி தொண்ட வறண்டுபோச்சு. தண்ணியாவது குடுங்க." நான் வாயில் விரல் வைத்துக் காட்டினேன். அந்த இரும்புக் கதவைத் திறந்தால் கிறீச்சிடும். குட்டிகள் என்ன பாவம் செய்தன?

புதன்கிழமை சாயங்காலம் அவர் மகள் செந்தமிழ்ச்செல்வி என் வீட்டுக்கு வந்தாள். "எங்கப்பாவ பாத்தீங்களா சார்? திங்கக்கெழம போனவரு வூட்டுக்கு வர்ல. செல்லும் கெடையாது. சொரங்கத்தண்ட நின்னு கூப்ட்டு பாத்தேன். சத்தமே இல்ல, அவரு வந்த அடையாளமும் இல்ல." அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. நோட்டைக் காட்டினேன். மூன்று நாள் பக்கமும் காலி. நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை குழு வந்தது. கதவைத் திறந்தேன். பத்தடி தள்ளி கோணியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். அவர்கள் வௌவால்களை எண்ணாமலே உங்களுக்குப் போன் போட்டுவிட்டார்கள். எனக்கு ஏமாற்றம்தான். ஒரு குட்டிகூடச் சாகவில்லை என்பதை யாராவது குறித்துக்கொண்டிருக்கலாம்.

பூட்டும்போதே அவர் உள்ளே இருப்பது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். முப்பது வருடம் சோறு போட்ட இடம் என்று அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். திங்கட்கிழமை கதவருகே ஊக்குக் குத்திய நீல ரப்பர் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. வனவிலங்கு வாழிடத்தில் ரப்பர் குப்பை கிடக்கக் கூடாது. எடுத்துக்கொண்டு போய் மெயின் ரோட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.